தொப்பூர் கணவாயும் தருமபுரியின் ரயில் நிதியும்

2021 நவம்பர் 12-ஆம் தேதி அதிகாலை, கண்ணூரிலிருந்து யஷ்வந்த்பூருக்குப் புறப்பட்ட விரைவு வண்டி தொப்பூரைத் தாண்டிச் சிவாடியை நோக்கி மலையேறிக்கொண்டிருந்தது. மணி நான்கு ஆகப்போகும் வேளையில் மலைச்சரிவிலிருந்து பாறைகள் பெயர்ந்து வண்டிமேல் விழுந்தன. பெட்டிகள் தடம்புரண்டன. வண்டியில் 2,348 பயணிகள் இருந்ததாக ரயில்வே அறிவித்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

தொப்பூர் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருவது ரயில் அல்ல, சாலை. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், கணவாயின் சரிவில் பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள்மேல் மோதுவது ஆண்டுக்கணக்கில் நடந்துவருகிறது. அந்தச் சரிவில் உள்ள இரட்டைப் பாலம் என்று சொன்னாலே இந்த வழியில் ஓடும் ஓட்டுநர்களுக்கு விவரம் சொல்லத் தேவையில்லை. 2024 ஜனவரியில் நான்கு பேர் இறந்த விபத்து நாடு முழுக்கச் செய்தியானது. அந்த ஆண்டிலேயே, 6.6 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலை அமைக்க ரூ.775 கோடி அளவில் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்தது. அது வேண்டிய பணம், வந்திருக்க வேண்டிய காலத்தைவிடத் தாமதமாக வந்த பணம்.

இதே மாவட்டத்தில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 36 கிலோமீட்டர் ரயில் பாதை ஒன்று போட வேண்டும். அதற்கான மதிப்பீடு ரூ.358.95 கோடி, அதாவது கணவாய்ச் சாலைக்கு ஒதுக்கியதில் பாதிக்கும் குறைவு. 2016-17 பட்ஜெட்டில் ஒப்புதல் கிடைத்தது. 2019 மார்ச்சில் அன்றைய ரயில்வே அமைச்சர் பியூஷ் கோயல் அடிக்கல் நாட்டினார். 2024-இல் ரயில்வே அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தந்த விவரப்படி, அந்தப் பாதைக்குத் தேவையான நிலம் 93 ஹெக்டேர், கையகப்படுத்தியது பூஜ்யம்.

ரயில் இல்லாத, அல்லது இருந்தும் போதாத பகுதிகளுக்கு அரசின் மானியம் எப்படி முடிவாகிறது, யாருக்குப் போகிறது, ஏன் போய்ச் சேர்வதில்லை என்ற கேள்விக்குத் தருமபுரி நல்ல சான்று. இங்கே பணமும் அறிவிப்பும் இருந்தன. ஆனாலும் பாதை வரவில்லை.

இரண்டு தண்டவாளம், நடுவே 36 கிலோமீட்டர்

தருமபுரி மாவட்டம் ரயிலே காணாத மாவட்டம் அல்ல. கிழக்கு ஓரத்தில் மொரப்பூர், பொம்மிடி வழியாகச் சென்னை–சேலம் முதன்மைப் பாதை போகிறது. 1860-களின் தொடக்கத்திலேயே ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. மேற்கே ஓமலூரில் பிரிந்து தொப்பூர், சிவாடி, தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கும் பெங்களூருக்கும் போகும் பாதை இன்னொன்று. இது 1960-களில் மீட்டர் கேஜாகப் போடப்பட்டு 1990-களில் அகலப் பாதையானது. அண்மையில் மின்மயமும் ஆகிவிட்டது. இன்னமும் ஒற்றைப் பாதைதான்.

இந்த இரண்டும் மாவட்டத்துக்குள் எங்கும் சந்திப்பதில்லை. மாவட்டத் தலைநகரிலிருந்து மாநிலத் தலைநகருக்கு ரயிலில் போக வேண்டுமானால் தெற்கே சேலத்துக்கு இறங்கிச் சுற்ற வேண்டும், அல்லது வடக்கே பெங்களூருக்கு ஏறிச் சுற்ற வேண்டும். இரண்டையும் யாரும் செய்வதில்லை. பேருந்து ஏறி மொரப்பூருக்குப் போய் அங்கே சென்னை வண்டியைப் பிடிக்கிறார்கள், அல்லது பேருந்திலேயே சென்னை வரைக்கும் போய்விடுகிறார்கள். பக்கத்தில் கிருஷ்ணகிரி நகரின் நிலை இதைவிட மோசம். அது மாவட்டத் தலைநகர், தங்க நாற்கரச் சாலை தொட்டுப் போகும் ஊர், ஆனால் ரயில் நிலையமே கிடையாது.

நிர்வாக எல்லையும் சிக்கலானது. மொரப்பூர் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில் இருக்கிறது. தொப்பூரும் தருமபுரியும் ஹுப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் இருக்கின்றன. ஒரே மாவட்டத்தின் இரண்டு பாதைகளும் இரண்டு மண்டலங்களின் கணக்கில் வருகின்றன. இரண்டு மண்டலங்களுக்கும் இது கடைக்கோடி. ஒரு மண்டலத்தின் ஓரத்தில் கிடக்கும் ஊருக்காக அந்த மண்டலத்துக்குள்ளிருந்து குரல் எழுவது அரிது என்பதை இந்திய ரயில் வரலாறு பலமுறை காட்டியிருக்கிறது.

இந்த இணைப்பு இல்லாததால் யாருக்கு நட்டம்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 சதவீதம். அது தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே கடைசி இடம். மாநிலச் சராசரி 80 சதவீதம். மழை மறைவுப் பகுதியாகவும் மேட்டு நிலமாகவும் இருக்கும் இந்த மாவட்டத்திலிருந்து பெங்களூரின் கட்டட வேலைக்கும் திருப்பூரின் பனியன் வேலைக்கும் கேரளத்துக்கும் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். பாலக்கோட்டுத் தக்காளி லாரியில் போகிறது. விலை விழும் நாளில் லாரி வாடகைக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டப்படுகிறது. அதகப்பாடி, தடங்கம், அதியமான்கோட்டைப் பகுதியில் சிப்காட் தொழில் பூங்கா வருகிறது. வரும் ஆலைகளின் சரக்கெல்லாம் தொப்பூர் கணவாய் வழியே லாரியில்தான் இறங்க வேண்டும் என்றால், அந்தச் சாலைக்கு எத்தனை உயர்மட்டப் பாலம் கட்டினாலும் போதாது.

பஞ்சத்துக்காகப் போட்ட பாதை

மொரப்பூரையும் தருமபுரியையும் இணைத்து ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்பதை இந்த மாவட்டத்துக்கு வெளியே பலர் அறிய மாட்டார்கள். 1906-இல் இரண்டரை அடி அகலக் குறும்பாதையில் வண்டி விட்டார்கள். 1913-இல் பாதை ஓசூர் வரை நீண்டது. இதேபோல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இல் இன்னொரு குறும்பாதை வந்தது. இரண்டுமே 'பஞ்சக் காப்பு' வகையைச் சேர்ந்த பாதைகள். லாபத்தை எதிர்பார்த்து அவற்றைப் போடவில்லை.

இதற்குப் பின்னால் 1876–78 பெரும்பஞ்சம் இருக்கிறது. அன்றைய சேலம் மாவட்டம் அந்தப் பஞ்சத்தில் மிகக் கொடிய அடி வாங்கிய மாவட்டங்களில் ஒன்று. இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதன் வடபகுதி. பஞ்சத்துக்குப் பிறகு அமைந்த 1880-ஆம் ஆண்டின் பஞ்ச ஆணையம், ரயில் எட்டாத வறட்சிப் பகுதிகளுக்குத் தானியம் கொண்டுபோக 5,000 மைல் பாதை உடனே வேண்டும் என்றும், 20,000 மைல் ஆகும்வரை நாடு பஞ்சத்திலிருந்து காக்கப்பட்டதாகக் கொள்ள முடியாது என்றும் எழுதியது. வருமானம் தரும் பாதைகள் ஒரு கணக்கு, பஞ்சத்தைத் தடுக்கும் பாதைகள் இன்னொரு கணக்கு என்று அரசு பிரித்தது. இரண்டாவது கணக்குக்கெனப் பஞ்சக் காப்பீட்டு மானியம் என்று ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்கும் ஏற்பாடு 1878-லேயே வந்திருந்தது.

காலனி அரசைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த அரசின் ரயில்கள் பஞ்ச காலத்திலேயே உள்நாட்டுத் தானியத்தைத் துறைமுகத்துக்கு இழுத்துச் சென்றன. காப்பீட்டு மானியத்தை ஆப்கானியப் போர்ச் செலவுக்குத் திருப்பினார்கள் என்ற குற்றச்சாட்டும் அன்றே எழுந்தது. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வறண்ட மாவட்டத்துக்குப் போடும் பாதையை, வருமானம் தரும் பாதைக்குரிய அளவுகோலால் அளக்கக் கூடாது என்ற தெளிவு அந்த நிர்வாகத்துக்கு இருந்தது. தருமபுரிக்கு 1906-இல் ரயில் வந்தது அந்தத் தெளிவால்தான்.

கிருஷ்ணகிரிப் பாதை 1936-இல் மூடப்பட்டது. மொரப்பூர்–ஓசூர் பாதையை இரண்டாம் உலகப்போரின்போது, 1941-இல் நிறுத்திவிட்டார்கள். அந்தத் தண்டவாளம் திரும்பி வரவே இல்லை. பாதை கிடந்த நிலத்தில் எண்பது ஆண்டுகளில் வீடும் தெருவும் எழுந்துவிட்டன. புதிய பாதைக்குக் குறித்த தடத்தையும் குடியிருப்புகளை விட்டு விலக்கி மாற்ற வேண்டியிருந்தது.

பணம் எப்படி வருகிறது

ரயில்வே முன்பு தன் பட்ஜெட்டைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தது. ஆக்வொர்த் குழுவின் பரிந்துரைப்படி 1924-இல் பொது பட்ஜெட்டிலிருந்து ரயில்வே பட்ஜெட் பிரிந்தது. அதன்பின் அரசு போட்ட மூலதனத்துக்கு ரயில்வே ஆண்டுதோறும் ஈவுத்தொகை கட்டி வந்தது. 2017-18 முதல் இரண்டு பட்ஜெட்டும் ஒன்றாயின; ஈவுத்தொகையும் நின்றது. இன்று புதிய பாதை உள்ளிட்ட மூலதனப் பணிகளுக்காகப் பொது பட்ஜெட்டிலிருந்து ரயில்வேக்கு வரும் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை, அதற்கு வட்டியும் இல்லை. அதாவது அது முழு மானியம். 2024-25-இல் இப்படி வந்தது ஏறத்தாழ ரூ.2.52 லட்சம் கோடி.

திருப்பித் தர வேண்டாத பணத்தைப் பங்கிடும்போது எந்த அளவுகோலைப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் முக்கியம். வட்டி கட்ட வேண்டிய காலத்தில் உருவான பழக்கம் இன்னும் தொடர்கிறது. ஒரு புதிய பாதை ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வருமானம் ஈட்டும் என்று கணக்கிட்டு, நெடுங்காலம் 14 சதவீதம் என்ற கோட்டை வைத்திருந்தார்கள். ஏற்கெனவே சரக்கும் ஆலையும் பயணிகளும் நிறைந்த இடத்தில் போடும் மூன்றாவது, நான்காவது பாதை இந்தக் கோட்டை எளிதாகத் தாண்டும். வேலை தேடி ஊரைவிட்டுப் போகிறவர்களின் மாவட்டம் தாண்டாது. சமூகத் தேவை என்ற காரணத்தால் சில திட்டங்கள் கோட்டுக்குக் கீழே இருந்தும் ஒப்புதல் பெறுகின்றன. ஆனால் அப்படி ஒப்புதல் பெற்ற திட்டம் ஆண்டுதோறும் பணத்துக்குக் கையேந்தி நிற்கிறது. ஒப்புதல் ஒரு முறை கிடைத்துவிடுகிறது, பணத்துக்கு ஒவ்வொரு பிப்ரவரியிலும் காத்திருக்க வேண்டும்.

அந்தப் பிப்ரவரியில் வருவது பிங்க் புத்தகம். எந்தப் பாதைக்கு எவ்வளவு என்று அதில்தான் இருக்கும். தமிழ்நாட்டின் புதிய பாதைத் திட்டங்கள் பலவற்றுக்கு எதிரே சில ஆண்டுகளில் 'ரூ.1,000' என்று அச்சாகியிருக்கிறது. பட்ஜெட் கணக்குத் தலைப்பு உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகப் போடும் தொகை இது. ஆயிரம் ரூபாயில் ஒரு எல்லைக்கல்கூட நட முடியாது. மக்களவை உறுப்பினர்கள் கேள்வி கேட்டதும் அடுத்த ஆண்டு ஐம்பது கோடி, நூறு கோடி என்று ஏறும். பிறகு திருத்திய மதிப்பீட்டில் குறையும். மொரப்பூர்–தருமபுரிக்கு 2023-24-இல் ரூ.100 கோடி ஒதுக்கினார்கள். நிலமே கையில் இல்லாத பாதையில் அந்த நூறு கோடியை எதில் செலவழிப்பது?

மொத்தத் தொகையைப் பார்த்தால் தமிழ்நாட்டுக்கு ரயில் பணம் கூடியிருக்கிறது. 2009–14 காலத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ரூ.879 கோடி, 2025-26-இல் ரூ.6,626 கோடி. ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் இதை மேடைதோறும் சொல்கிறார். சொல்லட்டும், எண் உண்மைதான். ஆனால் இரட்டைப் பாதை, நிலைய மேம்பாடு, பாதுகாப்புப் பணி எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம். புதிய பாதை, இரட்டைப் பாதை எல்லாம் சேர்ந்த திட்டங்களில் முடிந்தது எவ்வளவு என்று பார்த்தால் படம் மாறிவிடும். 2024 ஏப்ரல் நிலவரப்படி தமிழ்நாட்டில் முழுதாகவோ பகுதியாகவோ அமையும் 22 திட்டங்களின் நீளம் 2,587 கி.மீ., மதிப்பு ரூ.33,467 கோடி, முடிந்தது 665 கி.மீ., செலவானது ரூ.7,153 கோடி. திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலைப் பாதைக்கு ஒப்புதல் கிடைத்தது 2006-07-இல். அந்த ஆண்டு பிறந்த குழந்தை இன்று வாக்களிக்கும் வயதைத் தொட்டுவிட்டது.

இருக்கிற பாதையை மேம்படுத்தும் வேலைகூட எவ்வளவு இழுக்கும் என்பதற்குத் தேனி மாவட்டம் சாட்சி. மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்த 2010 இறுதியில் மூடினார்கள். நீளம் 90 கிலோமீட்டர். தேனிக்கு வண்டி வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன் மாதம். ரயிலை நம்பியிருந்த ஒரு பகுதி பன்னிரண்டு ஆண்டு ரயில் இல்லாமல் இருந்தது. வேலையைத் தொடர்ந்து முடிக்கப் பணம் உறுதியாக இருந்திருந்தால் இது நான்கைந்து ஆண்டு வேலை என்பது என் கணிப்பு.

சென்னையின் பங்கு

டெல்லியை மட்டும் குறைசொல்லிவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. நிலம் கையகப்படுத்துவது மாநில அரசின் வேலை. 2024 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலினுக்கு எழுதிய கடிதத்தில், தமிழ்நாட்டின் ரயில் திட்டங்களுக்குத் தேவைப்படும் 2,749 ஹெக்டேரில் 807 ஹெக்டேர்தான் கைக்கு வந்திருக்கிறது என்று வைஷ்ணவ் குறிப்பிட்டார். அந்தக் கடிதத்தில் அரசியல் இருக்கலாம். ஆனால் மொரப்பூர்–தருமபுரிக்குப் பூஜ்யம், அத்திப்பட்டு–புத்தூருக்குப் பூஜ்யம், மன்னார்குடி–பட்டுக்கோட்டைக்குப் பூஜ்யம், தஞ்சாவூர்–பட்டுக்கோட்டைக்குப் பூஜ்யம் என்ற கணக்குக்கு அரசியல் விளக்கம் போதாது.

மாநில அரசின் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. ரயில்வே பணம் கட்டினால்தான் நிலத்துக்கு இழப்பீடு தர முடியும். 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி சந்தை மதிப்புக்கு மேல் நூறு சதவீத ஆறுதல் தொகையும் தர வேண்டும். ஆயிரம் ரூபாய் ஒதுக்கிய ஆண்டில் எந்த வட்டாட்சியர் எந்த விவசாயியிடம் போய் நிற்பார்? ரயில்வேயோ நிலம் வந்தால் பணம் தருகிறோம் என்கிறது. இப்படி இரண்டு அலுவலகமும் ஒன்றை ஒன்று காட்டிக்கொண்டிருக்கும்போது நிலத்தின் வழிகாட்டி மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது, மதிப்பீடு பழசாகிறது. திருத்திய மதிப்பீடு போட்டால் வருமான சதவீதம் இன்னும் குறைகிறது. அதைக் காரணம் காட்டித் திட்டம் மேலும் பின்னுக்குப் போகிறது. நிலத்துக்குச் சொந்தக்காரரின் நிலைமைதான் எல்லாரையும்விட மோசம். எல்லைக்கல் நட்ட வயலில் கிணறு வெட்டத் தயக்கம், விற்க வழியில்லை, அடமானம் வைக்கவும் வழியில்லை, இழப்பீடும் இல்லை. அவரிடம் போய் நாட்டு வளர்ச்சி பற்றிப் பேசும் தகுதி யாருக்கும் கிடையாது.

செலவைப் பகிரும் விஷயத்தில் மாநிலங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் போயிருக்கின்றன. கர்நாடகம் பல திட்டங்களில் பாதிச் செலவையும் நிலத்தையும் தருகிறது. கே-ரைடு என்ற கூட்டு நிறுவனத்தின் வழியே பையப்பனஹள்ளி–ஓசூர் இரட்டைப் பாதை 48 கி.மீ. இப்படித்தான் நடக்கிறது, தமிழ்நாட்டின் ஓசூர் வரை வரும் அந்தப் பாதையில் கர்நாடகத்தின் பணம் இருக்கிறது. ஓசூருக்குத் தெற்கே தருமபுரி வழியாக ஓமலூர் வரை இரட்டைப் பாதை எப்போது என்ற கேள்வியை நம் சட்டமன்றத்தில் இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும். ஜார்க்கண்ட் 2002-இல் ஒப்பந்தம் போட்டு மூன்றில் இரண்டு பங்கைத் தானே ஏற்றது. ஏழை மாநிலம் தன் ரயிலுக்குத் தானே பணம் கட்டிய கதை அது. மகாராஷ்டிரத்தில் வறட்சிக்குப் பெயர்போன பீட் மாவட்டத்துக்கு அகமதுநகரிலிருந்து பர்ளி வரை 261 கி.மீ. பாதை 1995-96-இல் ஒப்புதல் பெற்றது. அப்போதைய மதிப்பீடு ரூ.353 கோடி; அது பிறகு ரூ.4,805 கோடியானது. மாநிலம் பாதியை ஏற்றுக்கொண்டது. பீட் நகருக்கு முதல் வண்டி வந்தது 2025 செப்டம்பரில். கரும்பு வெட்டப் பிழைப்புத் தேடிப்போகும் மக்களின் மாவட்டம் முப்பது ஆண்டு காத்திருந்தது. கேரளத்தின் அங்கமாலி–சபரி பாதை 1997-98-இல் ஒப்புதல் பெற்றது. போட்டு முடித்தது காலடி வரை ஏழு கிலோமீட்டர்.

தமிழ்நாட்டுக்கும் இந்தப் பகிர்வு புதிதல்ல. சென்னை வேளச்சேரி–பரங்கிமலைப் பறக்கும் ரயில் நீட்டிப்பில் மாநிலம் மூன்றில் இரண்டு பங்கு ஏற்றது. சென்னைக்குச் செய்ததைத் தருமபுரிக்கு ஏன் செய்யக் கூடாது? 2020-21 முதல் மாநிலங்களின் மூலதனச் செலவுக்கு ஐம்பதாண்டு வட்டியில்லாக் கடன் தருகிறது ஒன்றிய அரசு. அதை ரயில் திட்டங்களுக்கும் பயன்படுத்தலாம். 36 கிலோமீட்டர் பாதையின் நிலச் செலவு ஆண்டுக்கு மூன்று லட்சம் கோடிக்கு மேல் பட்ஜெட் போடும் மாநிலத்துக்குத் தாங்க முடியாத தொகை அல்ல. ஒன்றிய அரசின் கடமையை மாநிலம் ஏன் ஏற்க வேண்டும் என்ற வாதம் கொள்கை அளவில் சரிதான். அந்த வாதத்தை வென்றெடுக்கும்வரை தருமபுரிக்காரர் பேருந்தில் மொரப்பூர் போய்க்கொண்டிருக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாநிலமா, மாவட்டமா

ஒன்றிய அரசு மனம் வைத்தால் வருமானக் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டுப் பாதை போடும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 'தேசியத் திட்டம்' என்று அறிவித்த பாதைகளுக்கு ரயில்வேயின் வழக்கமான பட்ஜெட்டிலிருந்து 25 சதவீதம்தான் போகிறது. மீதி 75 சதவீதத்தை நிதி அமைச்சகம் தனியாகத் தருகிறது. காஷ்மீரின் உதம்பூர்–ஸ்ரீநகர்–பாராமுல்லா பாதையும் வடகிழக்கு மாநிலங்களின் பாதைகளும் இப்படி வந்தவை. மிசோரத்தில் பைரபி–சாய்ராங் 51 கி.மீ. பாதை ரூ.8,000 கோடிக்கு மேல் செலவில் முடிந்து 2025 செப்டம்பர் 13-இல் திறக்கப்பட்டது. ஐஸ்வால் மக்கள் முதன்முதலாகத் தங்கள் ஊர் அருகே ரயிலைப் பார்த்தார்கள். கிலோமீட்டருக்கு 150 கோடிக்கு மேல். மொரப்பூர்–தருமபுரிக்குப் பழைய மதிப்பீட்டில் கிலோமீட்டருக்குப் பத்துக் கோடி. மிசோரத்துக்குச் செய்தது முற்றிலும் சரி. அங்கே பயன்பட்ட நியாயத்தை மற்ற பின்தங்கிய பகுதிகளுக்கும் நீட்ட வேண்டும் என்பதே என் வாதம்.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். தமிழ்நாடு ரயில் குறைந்த மாநிலம் அல்லவே? உண்மை. ஏறத்தாழ நாலாயிரம் கிலோமீட்டர் பாதை உள்ள மாநிலம் இது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு முப்பது கிலோமீட்டர் அளவில் வரும். நாட்டின் சராசரி இருபதை ஒட்டி. மாநிலத்தை அலகாக வைத்தால் தமிழ்நாட்டுக்கு முன்னுரிமை கேட்க வாயில்லை. ஆனால் அந்தப் பாதையில் பெரும்பகுதி சோழமண்டலக் கரையிலும் காவிரிப் படுகையிலும் சென்னையைச் சுற்றியும் நூறாண்டுக்கு முன் போட்டது. கும்பகோணத்துக்கு இருக்கும் தண்டவாளம் கிருஷ்ணகிரிக்கு எந்த விதத்தில் பயன்படும்? மாநிலச் சராசரிக்குள் மறைந்துபோகும் மாவட்டங்கள் மகாராஷ்டிரத்தில் உண்டு, கர்நாடகத்தில் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. எனவே அலகு மாவட்டமாக இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

வெளிநாடுகளில் இப்படி அளக்கும் பழக்கம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் நாட்டை விட்டுவிட்டுப் பிராந்தியத்தை எடுக்கிறது: தனிநபர் உற்பத்தி ஒன்றியச் சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் பிராந்தியம் பின்தங்கியது, அங்கே ரயில் உள்ளிட்ட திட்டங்களுக்கு 85 சதவீதம் வரை பொது நிதி. இத்தாலி பணக்கார நாடு என்பதற்காக அதன் தெற்குப் பகுதி விலக்கப்படுவதில்லை. அமெரிக்காவில் ரயில் கட்டமைப்பு மானியங்களில் ஒன்றில் குறைந்தது கால் பங்கு ஊரகப் பகுதிகளுக்குப் போக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஜப்பானில் புதிய ஷின்கான்சென் பாதைகளில் நடுவண் அரசும் உள்ளூர் நிர்வாகமும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பகிர்கின்றன. யார் எவ்வளவு என்ற விகிதம் அங்கே முன்பே தெரியும்.

இந்தியாவில் ஆண்டுக்கு ஆண்டு மாறாத ரயில் நிதியை உருவாக்க முடியாதா என்றால், முயன்றிருக்கிறோம். 2017-18-இல் பாதுகாப்புப் பணிகளுக்காக ஐந்தாண்டில் ஒரு லட்சம் கோடி என்று தேசிய ரயில் பாதுகாப்பு நிதியம் அமைத்தார்கள். ரயில்வே தன் பங்காகப் போட வேண்டிய பணத்தை முழுதாகப் போடவில்லை என்று தணிக்கைத் துறை பிறகு சுட்டிக்காட்டியது. ஆனாலும் தண்டவாளம் மாற்றுவதற்கு ஓராண்டுப் பணத்தை நம்பி நிற்க வேண்டாம் என்ற நிலை வந்தது. தொப்பூர் போன்ற கணவாய்ப் பகுதிகளில் பாறைச்சரிவைத் தடுக்கும் வேலை இந்த வகையில்தான் நடக்க முடியும். பின்தங்கிய மாவட்டங்களின் புதிய பாதைகளுக்கும் இப்படி ஒரு தனி நிதியம் வேண்டும்: ஐந்தாண்டுக்கு உறுதி செய்த தொகை, செலவாகாத பணம் அடுத்த ஆண்டுக்குத் தொடரும் உரிமை, மாவட்டத்தின் ரயில் நீளம், எழுத்தறிவு, வெளியேறும் தொழிலாளர் அளவு, மழைக்குறைவு எல்லாம் சேர்ந்த ஓர் அளவுகோல். நிலத்தில் பாதியாவது கைக்கு வருமுன் அடிக்கல் நாட்டுவதில்லை என்ற விதியும் வேண்டும். நில இழப்பீட்டுப் பணத்தை மாவட்ட ஆட்சியரின் கணக்கில் முதலிலேயே கட்டிவிட்டால், நீ முதலா நான் முதலா என்ற பேச்சு பாதி அடங்கிவிடும்.

நல்ல சாலை இருக்கும்போது ரயில் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில். தொப்பூர் கணவாயில் இறங்கும் ஒவ்வொரு பார லாரியும் அந்தச் சாலையில் போகும் கார் ஓட்டுபவருக்கும் பைக் ஓட்டுபவருக்கும் ஆபத்து. சாலையை அகலப்படுத்துவது விபத்தைக் குறைக்கும், லாரியைக் குறைக்காது. சிமென்ட்டும் ரேஷன் அரிசியும் கிரானைட்டும் தண்டவாளத்துக்கு மாறினால்தான் லாரி குறையும். கூலி வேலைக்குப் போகிறவருக்கோ கட்டண வித்தியாசமே போதுமான காரணம். ரயிலின் சாதாரணப் பெட்டிக் கட்டணம் பேருந்துக் கட்டணத்தில் ஒரு பகுதிதான். மாதம் ஒருமுறை ஊர் வந்து போகும் குடும்பத்துக்கு அந்த மிச்சம் ஒரு வார மளிகை.

தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பாதையைக் கேட்டுக் கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லாரும் பேசியிருக்கிறார்கள், அடிக்கல்லும் நாட்டியாயிற்று. இனி உங்கள் மக்களவை உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் திட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 93 ஹெக்டேரில் இந்த ஆண்டு எத்தனை ஹெக்டேர் ரயில்வேயிடம் ஒப்படைக்கப்பட்டது, நிலம் கொடுத்தவர்களுக்கு இழப்பீடு எவ்வளவு போய்ச் சேர்ந்தது, பிங்க் புத்தகத்தில் போட்ட தொகையில் செலவானது எவ்வளவு என்று மூன்று எண்களைக் கேளுங்கள். ஆண்டுதோறும் கேளுங்கள்.